ஆப்பெரிலா வெட்டிய டிவிடி

சாவு வீட்டு டிவிடியைப் பார்த்து மார்க் போடுவதில் பாகோ பாகோ துறைமுக ஊரில் ஆப்பெரிலாவை அடிக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சுட்ட கல்லில் வெந்த டாரோக் கிழங்கையும் பன்றிக்கறியையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு மற்ற வீடுகளில் குறட்டை விடுவார்கள். இவள் வீட்டில் மட்டும் பெண்டுகள் கூட்டம் சேரும். யாராவது ஒருத்தி புதிதாக ஒரு அடக்க டிவிடியைக் கொண்டுவந்திருப்பாள். ஆப்பெரிலா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். இந்த மருமகள் கேமரா திரும்பின பிறகுதான் அழ ஆரம்பிக்கிறாள். இந்தப் பாட்டுக்காரன் வாயை மட்டும் அசைக்கிறான். இந்த அண்ணன் பெட்டியைத் தூக்கவே இல்லை, பக்கத்தில் சும்மா நடக்கிறான். செத்தவரைப் பற்றி மட்டும் அவள் குறை சொன்னதில்லை. "பாவம், இதுல நடிக்காதவரு அவரு ஒருத்தருதான்" என்பாள்.

அவள் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், உப்போலு தீவின் தெற்குக் கரையில். டப்பா மீன் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று இருபத்திரண்டு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தாள். இரண்டே வருஷம் என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தவளுக்கு முப்பது வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஜனம், ஒரே பேச்சு, ஒரே பன்றிக்கறிதான். என்றைக்கோ சில வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து நடுக்கடலில் கோடு போட்டு, அந்தப் பக்கம் தனி, இந்தப் பக்கம் அமெரிக்கா என்று பங்கு பிரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் புண்ணியவான்களால் ஆப்பெரிலா முப்பது வருஷமாகச் சூரை மீனுக்கு முள் உருவிக்கொண்டும், வருஷா வருஷம் குடியேற்ற ஆபீசில் போய், நான் இன்னும் இங்கே இருக்கலாமா ஐயா என்று நின்றுகொண்டும் இருந்தாள். கட்டின புருஷன் எதிமானியும் அந்தப் பக்கத்து ஆள்தான். மரப்பலகை பஸ் ஓட்டுகிறவன், சண்டைக்கு வராதவன், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரே மகன் இங்கே பிறந்ததால் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து டெக்சாஸில் இருந்தான். அவன் அனுப்பியதுதான் அந்த டிவிடி பிளேயர். வெள்ளி நிறம், நீல விளக்கு, தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது சத்தமே வராது. ஆப்பெரிலா அதற்கு நூலில் பின்னிய மேல்துணி போட்டிருந்தாள். எதிமானி அதன் மேல் ஒருமுறை காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு இரண்டு நாள் வெளியே படுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் பிப்ரவரியில் அவள் தாய் இறந்துபோனாள். சேதி வந்த நேரம் ஆப்பெரிலாவின் காகிதங்கள் புதுப்பிக்கக் கொடுத்து ஆபீசில் கிடந்தன. அவை கையில் இல்லாமல் கப்பலேறினால் திரும்ப வரமுடியாது. ஆபீஸ்காரன் முன்னால் அழுதாள், கத்தினாள், மேஜையைக் குத்தினாள். அவன் அடுத்த வாரம் வாருங்கள் என்றான். அடுத்த வாரம் தாய் மண்ணுக்குள் போயிருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும், தெரிந்தாலும் என்ன செய்வான்.

தான் போகமுடியாவிட்டாலும் பாய் போகட்டும் என்று முடிவு செய்தாள். அவளிடம் ஒரே ஒரு ஈயே தோங்கா இருந்தது. படுக்கிற பாய் இல்லை அது. அதில் படுத்தால் வீட்டில் கொலை விழும். கல்யாணம், சாவு, பட்டம் சூட்டல் என்று பெரிய காரியங்களில் சபை நடுவே விரித்துக் காட்டி, இன்னார் கொண்டுவந்தது என்று உரக்கப் பேர் சொல்லிக் கொடுக்கிற பாய். துணியைப்போல மெலிதாக இருக்கும், நெய்து முடிக்கக் கண் போய்விடும். அது அவள் தாய் எட்டு மாதம் குனிந்து உட்கார்ந்து நெய்து, மகள் கப்பலேறியபோது கொடுத்தது. அதைச் சுருட்டி, தங்கை லெப்பெக்காவுக்கு அனுப்பி, சபையில் விரிக்கும்போது என் பேரைச் சொல்லச் சொல் என்று போனில் மூன்று தடவை சொன்னாள். முப்பது வருஷம் ஊரில் இல்லாதவள், தாயின் சாவுக்கும் வராதவள் என்று நாளைக்கு ஊர் பேசும். அந்தப் பேச்சை அடைக்க அவளிடம் இருந்தது அந்தப் பாய் ஒன்றுதான்.

அடக்கம் முடிந்த பிறகு லெப்பெக்கா போன் செய்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்தது, டிவிடி அனுப்புகிறேன், அதைப் பார் என்றாள். பாயைப் பற்றிக் கேட்டதற்கும் டிவிடியைப் பார் என்றுதான் சொன்னாள்.

டிவிடிக்கு முன்னால் வாவோசா வந்து சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஊசியைக் குத்திவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்கிற ரகம். சொந்த வேலையாக அந்தப் பக்கம் போனவள், அடக்கத்துக்கும் பெட்டி மூடின பிறகு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பாய்களைப் பங்கு வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததை இவள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளாம். உன் பாய் எந்தக் கைக்குப் போனது என்று கடைசிவரை காத்திருந்தாளாம். "அப்படி ஒரு பாயே வரலியேடி" என்றாள். சொல்லிவிட்டு ஆப்பெரிலாவின் கையை ஆறுதலாகத் தடவிக் கொடுத்தாள்.

அந்த வாரம் ஆலையில் ஆப்பெரிலா உரித்த மீன்களுக்கு நரகம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்.

டிவிடி ஒரு கூடை டாரோவுக்கு நடுவில், துணியில் சுற்றி, கப்பலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை தொடாமல் வைத்திருந்து, பெண்டுகள் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, நான்கு பேர் சாட்சியாகப் போட்டாள். பிளேயர் சத்தமில்லாமல் தட்டை வாங்கிக்கொண்டது. சற்று நேரம் உள்ளே சுற்றியது. பிறகு இந்தத் தட்டைப் போடமுடியாது என்று எழுத்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே தள்ளியது.

எடுத்துத் துடைத்துப் போட்டார்கள், வெளியே தள்ளியது. சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஒருத்தி தேங்காயெண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றாள், தடவினார்கள், மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டார்கள். எதிமானி பிளேயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவனை அவள் பார்த்த பார்வையில் பஸ்ஸைத் துடைக்கப் போய்விட்டான்.

கடைசியில் போதகர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய பிளேயர் இதைவிட ஒசத்தி, சபையார் வாங்கிக் கொடுத்தது. அதில் படம் வந்தது. வந்தது என்ன வந்தது, கறுப்பு வெள்ளையில், மேலே ஏறி ஏறி உருண்டுகொண்டு, ஆட்களின் கால் மேலேயும் தலை கீழேயுமாக ஒரு நிமிஷம் ஓடிவிட்டு நின்றுபோனது. போதகர் பிளேயரின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். அது அவரையும் மதிக்கவில்லை. பிறகு அவர், சில குடும்பங்களில் மனசு சுத்தமில்லாவிட்டால் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். பெண்டுகள் எல்லாரும் ஆப்பெரிலாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அவள் நேராக வீட்டுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"தட்டுல ஒண்ணுமே தெரியலடி. கெட்டுப்போன தட்டை அனுப்பி வெச்சிருக்க."

"இங்க நல்லாத்தானேக்கா ஓடுது. ஊரே மூணு தடவ பாத்தாச்சு."

"ஊருக்கெல்லாம் ஓடும், எனக்கு மட்டும் ஓடாதா? என் பாய் எங்கடி?"

லெப்பெக்காவோ, நான் வாயால் சொல்லமாட்டேன், நீ கண்ணால் பார்க்கவேண்டும், டிவிடியைப் பார் என்றாள். அந்த ஒரு சொல்தான் ஆப்பெரிலாவுக்கு உச்சியில் ஏறியது.

"அம்மா நெய்ஞ்ச பாயை வித்துத் தின்னுட்டடி நீ" என்றாள்.

போன் வைக்கப்பட்டது. ஆப்பெரிலா டிவிடியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தேங்காய் உடைக்கிற மரக்கட்டையின் மேல் அதை வைத்து, புதர் வெட்டுகிற நீளக் கத்தியால் ஒரே போடு. இரண்டு துண்டும் கொஞ்சம் சிதறலுமாக ஆனது. பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அந்தப் பக்கம் போகிற ஒருவனிடம் லெப்பெக்கா கையில் கொடுத்துவிடு என்று கொடுத்தனுப்பினாள். டப்பா கிலுகிலுவென்று சத்தம் போட்டபடி கப்பலேறியது. அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொன்னால் அது பொய்.

அங்கிருந்து பதில் வரவில்லை. திட்டியாவது அனுப்புவாள் என்று இவள் காத்திருந்தாள். இரண்டு மாதம் ஒரு சொல் இல்லை. அதற்குள் அவள் காகிதங்கள் புதுப்பித்து வந்துவிட்டன. எங்கேயும் போக அவளுக்கு இனி இடம் இல்லாதபோது போவதற்கு அனுமதி வந்தது.

மே மாதம் வாவோசா ஒரு டிவிடியோடு வந்தாள். அவள் தங்கை மகனுக்கு அந்தப் பக்கம் ஆப்பியாவில் கல்யாணம். பன்னிரண்டு பன்றி, ஐந்தடுக்குக் கேக். ஊருக்கே போட்டுக் காட்ட வேண்டும் அவளுக்கு. ஆப்பெரிலாவின் பிளேயர் தட்டைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. இந்தத் தட்டைப் போடமுடியாது என்று எழுத்துக் காட்டியது. சத்தமில்லாமல் வெளியே தள்ளியது.

வாவோசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு பன்றிக்காரர்கள் வெறும் தட்டை அனுப்புவார்களா, உன் பெட்டிதான் சரியில்லை என்று சண்டைக்கு வந்தாள். வேறு நாளாக இருந்தால் ஆப்பெரிலா அவளைக் கிழித்திருப்பாள். அன்றைக்கு டிவியில் நின்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே எழுத்து, அதே வரி.

இருவரும் லின் கடைக்குப் போனார்கள். சீனாக்காரர், பத்து வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறவர், இந்தத் தீவுப் பேச்சை இவர்களைவிட வேகமாகப் பேசுவார். உப்புக்கண்டம், கொசுவத்தி, ரப்பர் செருப்பு எல்லாம் விற்கிற கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டங்குல உயரத்தில் ஒரு மட்டமான பிளேயர் எப்போதும் ஏதாவது ஓட்டிக்கொண்டிருக்கும். அதன் மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. வாவோசாவின் தட்டை அதில் போட்டார். கடகடவென்று அரிசி ஆலைச் சத்தம். சத்தத்துக்குப் பின்னால் பளிச்சென்று பன்னிரண்டு பன்றியும் வரிசையாக வந்தன.

ஆப்பெரிலா கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி என்று கேட்டாள்.

லின் சொன்னார். அந்தத் தீவு டிவி நியூசிலாந்துக்காரன் வழி, நொடிக்கு இருபத்தைந்து படம் ஓடும். இந்தத் தீவு டிவி அமெரிக்காக்காரன் வழி, நொடிக்கு முப்பது. ஒரு படத்துக்கு எத்தனை கோடு என்பதிலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. டிவிடி எந்தக் கணக்கில் எடுத்தார்களோ அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடையில் விற்கிற சினிமாத் தட்டு என்றால் அதற்குமேல் ஒரு பூட்டு வேறு, உலகத்தையே பங்கு போட்டு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறான், அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் ஒண்ணு. கல்யாணம் சாவுக்கு எடுத்த தட்டில் பூட்டெல்லாம் கிடையாது, இந்தப் படக் கணக்கு ஒன்றுதான் தொல்லை.

"உங்க மகன் அனுப்புனது அமெரிக்காவுல விக்கிறதும்மா. வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேற தொடாது. என்னோடது தெருவுல வளந்தது, எதக் குடுத்தாலும் தின்னுடும்."

"நல்லா இருக்கற தட்டையா அது வெளிய தள்ளுச்சு?"

"தட்டுல ஒரு குத்தமும் இருக்காதும்மா. இதுவரைக்கும் இங்க எடுத்ததை மட்டும் பாத்திருப்பீங்க, அதான் ஒங்களுக்கு இது தெரியல."

வாவோசா பன்றி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆப்பெரிலா கடையை விட்டு வெளியே வந்து, பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள் முன்னால், வெட்கமில்லாமல் ஓவென்று அழுதாள். இத்தனை சாவு டிவிடிக்கு மார்க் போட்டவள், தன் தாயின் சாவை மரக்கட்டையில் வைத்து வெட்டியிருக்கிறாள். தங்கையைத் திருடி என்று சொல்லியிருக்கிறாள். பாய் அங்கே இருந்ததா இல்லையா என்பது இன்னும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

எதிமானியிடம் சொன்னபோது அவன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து கேட்டான். போனில் மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று அவள் கேட்டதற்கு, "ஏம்மா, கத்தியால வெட்டிட்டுப் போன்ல எப்படிம்மா ஒட்ட வெப்ப" என்றான். முப்பது வருஷத்தில் அவன் சொன்ன நீளமான பேச்சு அதுதான். இஃபோகாதான் வழி என்று இருவருக்கும் தெரியும். குற்றம் செய்தவர்கள் விடியலில் போய், எதிராளி வீட்டு வாசலில், தலைமேல் ஈயே தோங்காவைப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும். வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னித்தார்கள் என்று பொருள். தூக்காமல் கல்லெறிந்தாலும் கேட்க ஆளில்லை. கொலைக்கும் பெண் விவகாரத்துக்கும் குடும்பத்துப் பெரியவர்கள் கூட்டமாகப் போய் உட்காருவார்கள். டிவிடியை வெட்டினதற்கு ஒருத்தி தனியாகப் போய் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அவளிடம் போர்த்திக்கொள்ளப் பாயும் இல்லை. இருந்த ஒன்றைத்தான் அனுப்பிவிட்டாளே. இரவல் கேட்டால் ஏன் எதற்கு என்று ஊரே வரும். கட்டிலில் கிடந்த பெட்ஷீட்டை உருவிப் பையில் திணித்துக்கொண்டாள். மஞ்சள் நிறத்தில், பெரிய பெரிய அன்னாசிப்பழம் போட்ட பெட்ஷீட்.

கப்பல் காலையில்தான் ஆப்பியாவில் இறக்கியது. அங்கிருந்து தெற்குக் கரைக்கு பஸ். ஊர் போய்ச் சேரும்போது பத்து மணி. இஃபோகாவுக்கு விடியல்தான் முறை என்பதைக் கப்பல் கம்பெனிக்கு யார் சொல்வது. கொளுத்துகிற வெயிலில், ஊர் முழுக்க விழித்து நடமாடுகிற நேரத்தில், லெப்பெக்கா வீட்டு முன்னால் புல்தரையில் ஆப்பெரிலா உட்கார்ந்து, அன்னாசிப்பழத்தைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்த ஊர் வீடுகளைப்போலத் தூண் மட்டும் நிற்கிற, சுவரில்லாத வீடு. உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எவனோ போகிற போக்கில், யார் வீட்டுத் துணி பறந்து வந்து விழுந்து கிடக்கிறது என்று கேட்டான். துணிக்குள்ளிருந்து ஒரு கனத்த இருமல் வந்ததும் கும்பிட்டுவிட்டு ஓடினான். வியர்வை மூக்கில் வழிந்து சொட்டியது. முட்டி விண்விண்ணென்று தெறித்தது. நிமிரமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். லெப்பெக்கா ஒன்றரை மணி நேரம் விட்டுவைத்தாள். அது அவள் உரிமை.

கடைசியில் காலடிச் சத்தம் கேட்டது.

"அன்னாசிப்பழமா?" என்றது லெப்பெக்காவின் குரல்.

"வேற பாய் இல்லடி" என்றாள் துணிக்குள்ளிருந்து ஆப்பெரிலா. "தப்புப் பண்ணிட்டேன். மனசார சொல்றேன். என் பிளேயருக்கு உன் தட்டைப் படிக்கத் தெரியல, எனக்கு உன்னைத் தெரியல."

துணி விலகியது. லெப்பெக்கா அவள் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். முட்டி பிடித்துக்கொண்டதால் இரண்டு பேரும் சேர்ந்து ஒருதரம் விழுந்து எழுந்தார்கள்.

சாப்பாடு பிறகு என்று சொல்லிவிட்டு, லெப்பெக்கா தன்னிடமிருந்த டிவிடியைப் போட்டாள். அவளுடையதும் லின் கடை ரகம்தான், கடகடவென்று ஓடியது. ஆப்பெரிலா தாயின் முகத்தைப் பார்த்தாள். மெலிந்து, வாய் சற்றுத் திறந்து, வெள்ளை உடுப்பில் இருந்தாள். பாட்டு முடிந்தது. பேச்சாளப் பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். இரண்டு பெண்கள் அந்தப் பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு சபையைச் சுற்றி வந்தார்கள். பாகோவிலிருந்து மூத்த மகள் ஆப்பெரிலா கொண்டுவந்தது என்று பெரியவர் உரக்கச் சொன்னார். அனுப்பியது என்று சொல்லவில்லை, கொண்டுவந்தது என்றே சொன்னார்.

அதோடு முடியவில்லை. பாய்க் குவியலில் வைக்கப்போன பாயை லெப்பெக்கா இடையில் புகுந்து வாங்கிக்கொண்டாள். பெட்டிக்குப் போய் தாயின் மேல் அதைக் கால்முதல் கழுத்துவரை போர்த்தினாள். சபையில் சலசலப்பு. பெரியவர் தடியைத் தரையில் தட்டி, இவ்வளவு பெரிய பாயை மண்ணில் புதைப்பதா, வந்தவர்களுக்கு என்ன மரியாதை, எந்த ஊர் வழக்கம் இது என்று அதட்டினார். டிவிடியில் லெப்பெக்கா நின்றாள், சின்ன உருவம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது எங்கக்காவோட பாய்" என்றாள். "அவளால வரமுடியல. அம்மாவ விட்டு முப்பது வருஷம் தள்ளி இருந்துட்டா. இனிமேயாவது கூட இருக்கட்டும்."

பெட்டி மூடப்பட்டது.

ஆப்பெரிலா தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. டிவியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டி போன்ல சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? எட்டு மாசம் நெய்ஞ்ச பாய், எட்டாயிரம் பேருக்குக் காட்டலாம், மண்ணுல போட்டுட்டியேன்னு கத்தியிருப்ப. என் மூஞ்சியப் பாத்துட்டு அப்புறம் கத்துன்னுதான் டிவிடியைப் பாரு பாருன்னேன்."

ஆப்பெரிலா யோசித்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கத்தியிருப்பேன்தான்" என்றாள். "இப்பவும் கத்தத்தான் போறேன். இரு, அழுது முடிச்சுக்கறேன்."